முகாமின் சுவரில் ஒரு ரயில் பாதை

வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு விடுமுறை முகாம் நடத்துகிறோம். சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் ஐந்து நாட்கள். காலை 8.30க்குத் தொடங்கி மதியம் 12.30க்கு முடிப்போம். 8 வயது முதல் 14 வயது வரை ஏறக்குறைய 35 பிள்ளைகள் வருவார்கள். சித்திரம், கதை, நாடகம், கரம் பலகை (கேரம்), கொஞ்சம் ஓடியாடும் விளையாட்டு. முதல் வருடம் விசேட தேவையுள்ள பிள்ளை ஒருவன்தான் வந்தான். இரண்டாம் நாளே வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த வருடம் ஆறு பேர் வந்தார்கள், ஆறு பேரும் கடைசி நாள் வரை இருந்தார்கள். இடையில் என்னென்ன மாற்றினோம், எங்கெங்கே பிழை விட்டோம் என்று பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடுவது நல்லது.

பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. அவர்களுக்கு இருக்கும் குறைபாட்டின் பெயரால் அழைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அவரவருக்குப் பிடித்ததைக் கொண்டு சொல்கிறேன். முதல் வருடம் வந்து போனவன் ரயில் தம்பி. வயது 9. ஓட்டிசம் உள்ள பிள்ளை, அதாவது மூளை வளர்ந்த விதம் வேறு, பழகுவதும் பேசுவதும் வேறு மாதிரி இருக்கும். சொற்கள் கொஞ்சம்தான் பேசுவான்.

அந்த முதல் நாள் திறப்பு நிகழ்ச்சியில் ஒலிபெருக்கி கிரீச்சென்று கத்தியது. உடனேயே 35 பிள்ளைகளும் கை தட்டினார்கள். ரயில் தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலை நோக்கி ஓடினான். வெளியே ஒழுங்கை, ஒழுங்கையின் முனையில் காலி வீதி. பயந்துபோய் இரண்டு பேர் துரத்திப் போய் அவன் கையைப் பிடித்து இழுத்தோம். அவன் என் மணிக்கட்டைக் கடித்தான். மறுநாள் அவனைப் பின்வரிசையில் உட்கார வைத்து, பக்கத்திலேயே என்னையும் போட்டார்கள். மேளம் அடித்துப் பாடும் நேரம் வந்தபோது தரையில் விழுந்து அழத் தொடங்கினான். நான் அவன் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். "பிள்ளைக்கு இந்த இடம் ஒத்துவராது போல இருக்கு அம்மா" என்று நான்தான் சொன்னேன். "பரவாயில்ல மிஸ், எங்களுக்குப் பழகிட்டுது" என்றார். திறக்காத பிஸ்கற் பைக்கற்றையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு பிள்ளையின் கையைப் பிடித்து நடந்தார்.

அந்தப் "பழகிட்டுது" என்ற சொல் என்னை விடவில்லை. நாலைந்து மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் அந்த அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். திடீர்ச் சத்தம்தான் பிரச்சினை, சத்தம் வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொன்னால் தாங்குவான். கையைப் பிடித்தால் பயப்படுவான், தோளில் உள்ளங்கையை அழுத்தி வைத்தால் அடங்குவான். சிகிச்சைக்காக ராகமையில் மருத்துவ பீடத்தோடு இருக்கும் சிறுவர் நிலையத்துக்குக் கிழமைக்கு ஒருமுறை ரயிலில் போவார்கள், அதனால் ரயில் என்றால் உயிர். நிலையங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வான்.

"இதையெல்லாம் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன்.

"நீங்க கேக்கலையே மிஸ்."

முகாமில் சேர்க்கும்போது பெற்றோர் நிரப்பும் எங்கள் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: பிள்ளைக்கு நோய் ஏதும் உண்டா, ஆம் அல்லது இல்லை. அவர் "இல்லை" என்று அடையாளம் இட்டிருந்தார். ஓட்டிசம் நோயில்லையே. அவர் எழுதியது சரி, நாங்கள் கேட்டதுதான் பிழை.

ஆகவே நாங்கள் முதலில் மாற்றியது படிவத்தை. இப்போது அதில் இருப்பவை சாதாரணக் கேள்விகள். பிள்ளை சந்தோஷமாக இருக்கும்போது என்ன செய்யும்? கோபமோ பயமோ வரப்போகிறது என்பதை எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பீர்கள்? அந்த நேரம் வீட்டில் என்ன செய்வீர்கள், என்ன செய்யக் கூடாது? எதைச் சாப்பிடும், எந்த வடிவத்தில் சாப்பிடும், விழுங்கக் கஷ்டப்படுமா? கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை எப்படித் தெரிவிக்கும்? மருந்து என்ன, எத்தனை மணிக்கு? வலிப்பு வந்ததுண்டா, வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும், முடிந்த பிறகு எப்படி இருக்கும்? படிவம் வந்த பிறகு ஒருவர் வீட்டுக்குப் போகிறோம், முடியாவிட்டால் தொலைபேசியில் அரை மணி நேரமாவது பேசுகிறோம். நான் முகாம் தொடங்குபவர்களுக்குச் சொல்வது இதைத்தான்: காசு கொஞ்சம்தான் இருக்கிறது, நேரமும் கொஞ்சம்தான் என்றால், அந்த அரை மணி நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு கேள்வியையும் சேர்த்தோம், அது இவ்வளவு உதவும் என்று எதிர்பார்க்கவில்லை. வீட்டில் நீங்கள் பாவிக்கும் சொற்கள் என்ன? கொழும்பில் தமிழ் பேசும் வீடுகள் ஒரே மாதிரிப் பேசுவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வீட்டில் பிள்ளை "ஒண்டுக்கு" என்று சொல்லும். மலையகத்திலிருந்து வந்த வீட்டில் "ஒண்ணுக்கு". சில வீடுகளில் "பாத்ரூம்", சின்ன வயதிலிருந்து பழகிய பிள்ளைக்கு வெறும் "சூ". பேச்சு நன்றாக வரும் பிள்ளை இந்த வித்தியாசத்தைத் தாண்டிவிடும். இருபது சொல்லை வைத்துக்கொண்டு உலகத்தைச் சமாளிக்கும் பிள்ளையால் முடியாது. மீன் தம்பி என்று ஒருவன், வயது 10, முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. முதல் நாள் அழுதுகொண்டிருந்தபோது எங்கள் தொண்டர் ஒருவர் "அம்மா வருவா, அம்மா வருவா" என்று பத்துத் தடவை சொன்னார். அவன் காதில் ஏறவேயில்லை. நான் படிவத்தைப் பார்த்துவிட்டு "உம்மா வருவாங்க" என்றேன். அழுகையை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தான்.

படங்களும் அப்படித்தான். பேசச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பட அட்டை கொடுப்பது நல்ல வழி. எங்கள் பிள்ளைகளிடம் இருந்த அட்டைகளில் பல ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தன, படத்தில் இருந்த சாப்பாடு அவர்கள் வீட்டுச் சாப்பாடு இல்லை. நாங்கள் மண்டபத்தின் கழிப்பறைக் கதவையும், எங்கள் தண்ணீர்க் குழாயையும், சித்திர மேசையையும், வாசலையும் போனில் படமெடுத்து அச்சிட்டோம். கீழே வீட்டுச் சொல்லைத் தமிழில் எழுதினோம். அசல் கதவின் படத்தைக் காட்டினால் பிள்ளை அந்தக் கதவுக்கே போய் நிற்கும்.

ரயில் தம்பி திரும்பி வருவானா என்று தெரியாமலே நேர அட்டவணையை அவனுக்காக யோசித்தோம். மண்டபச் சுவரில் நீளமாகக் கரையோர ரயில் பாதையை வரைந்தோம். கோட்டையில் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். கொள்ளுப்பிட்டியில் வணக்கம், பம்பலப்பிட்டியில் சித்திரம், வெள்ளவத்தையில் சாப்பாடு, தெஹிவளையில் விளையாட்டு, கல்கிசையில் வீடு. ஒவ்வொரு நிலையத்துக்கும் கீழே அந்த வேலையின் படம். அட்டையில் வெட்டிய ரயில் ஒன்றை ஒவ்வொரு வேலையும் முடிய ஒரு நிலையம் தள்ளி வைக்க வேண்டும். அடுத்து என்ன, எப்போது முடியும், எப்போது அம்மா வருவார் என்பது கண்ணுக்குத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். முகாமுக்கு மூன்று நாள் முன்பு அதைப் படமெடுத்து அவன் அம்மாவுக்கு அனுப்பினேன். அன்று இரவே அழைத்தார். பிள்ளை போனைக் கீழே வைக்கவில்லை, கொம்பனித்தெரு எங்கே என்று கேட்கிறான் என்றார். அடுத்த நாள் கொம்பனித்தெருவையும் வரைந்து, அங்கே தண்ணீர் குடிக்கும் நேரத்தை வைத்தோம்.

அட்டவணை ஒரு பிள்ளைக்காகச் செய்தது. ஆனால் 35 பேரும் அதைச் சுற்றியே நின்றார்கள், ரயிலைத் தள்ளுவதற்கு முறை வைத்துச் சண்டை பிடித்தார்கள்.

கை தட்டலையும் எடுத்துவிட்டோம். அதற்குக் காரணம் ரயில் தம்பி மட்டுமல்ல. காது கேளாத ஒரு தங்கச்சியும் வந்திருந்தாள். நாடகம் என்றால் அவளுக்கு அவ்வளவு விருப்பம். சைகை மொழியில் கை தட்டல் என்றால் இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை அசைப்பது. முதல் நாள் அவளே முன்னால் வந்து எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். வேண்டும், போதும், திரும்பச் சொல், நண்பன் என்று ஒரு நாளைக்கு ஐந்து சைகை. முகாம் முடியும்போது பிள்ளைகள் சைகையிலேயே இரகசியம் பேசிக்கொண்டார்கள். அவளிடமிருந்து எங்களுக்குக் கிடைத்த இன்னொரு பாடம், யன்னலுக்கு முதுகு காட்டிக்கொண்டு பேசக் கூடாது என்பது. வெளிச்சம் பின்னால் இருந்தால் பேசுபவரின் முகம் இருட்டாகிவிடும், உதட்டையும் பார்க்க முடியாது, சைகையும் தெரியாது. பேசுபவர்தான் வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.

இனி நான் விட்ட பெரிய பிழை.

கரம் தங்கச்சிக்கு வயது 12. பிறவியிலேயே மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலியில் வருவாள். பேச்சு மெதுவாக வரும், ஆனால் சொல்லுக்குச் சொல் தெளிவு. அவளுக்கு உதவியாளராக என்னைப் போட்டார்கள். முதல் வருடக் குற்ற உணர்ச்சி எனக்குள் இருந்தது, இந்தப் பிள்ளைக்காவது ஒரு குறையும் வரக் கூடாது என்று நினைத்தேன். அவள் கேட்கும் முன்பே தண்ணீர் கொடுத்தேன். பென்சில் விழுந்தால் நானே எடுத்தேன். எங்கே போனாலும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நானும் போனேன். மற்றப் பிள்ளைகள் வந்து என்னிடம்தான் கேட்டார்கள்: "இவங்களுக்கு என்ன பேர்?" "இவங்க விளையாடுவாங்களா?" நானும் பெருமையாகப் பதில் சொன்னேன். இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் அங்கால போய் இருங்க."

போய் இருந்தேன். தூணுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில். ஏழெட்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் தனியாக இருந்தாள், எனக்கு எழுந்து போக வேண்டும் போல இருந்தது. பிறகு இரண்டு பெண் பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள், ஏன் நடக்க மாட்டீங்க என்று. நான் பாதி எழுந்துவிட்டேன். கரம் தங்கச்சி சொன்னாள்: "பிறக்கும்போதே மூளையிலிருந்து காலுக்குப் போற செய்தி ஒழுங்காப் போகேல்ல. கை ஓகே. கரம் விளையாடுவீங்களா?" அன்று மதியம் வரை கரம் பலகையைச் சுற்றி ஒரு கூட்டம். அவளுடைய வலது கை ஆட்டத்தில் கொஞ்சம் உதறும், ஆனாலும் சிவப்புக் காயை இரண்டு தடவை போட்டாள்.

வளர்ந்தவர் ஒருவர் ஒட்டிக்கொண்டு இருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் வேறு பிள்ளைகள் வர மாட்டார்கள். இது எனக்கு அன்றுதான் விளங்கியது. ரயில் தம்பிக்கும் முதல் வருடம் நான் செய்தது இதுவேதான், பின்வரிசையில் அவனுக்குச் சுவராக இருந்தேன். இப்போது எங்கள் தொண்டர்களுக்கு நாங்கள் கொடுக்கும் வேலை, பிள்ளையைப் பார்ப்பதோடு சேர்த்து, பக்கத்தில் இன்னொரு பிள்ளை வருவதற்கு இடம் விடுவது. ஒரு வேலையை அந்தப் பிள்ளை தொடங்குவதற்கு உதவு, இரண்டாவது பிள்ளையை உள்ளே கூப்பிடு, பிறகு மூன்று எட்டு வைத்துத் தள்ளி நில், கண்ணை மட்டும் எடுக்காதே. உதவி செய்யும் முன் கேள், பதில் வரும்வரை பத்து வரை மனதுக்குள் எண்ணு. பேச்சு மெதுவாக வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பத்து எண்ணிக்கை தேவை. சக்கர நாற்காலி அந்தப் பிள்ளையின் உடம்பு மாதிரி, கேட்காமல் தொடவோ அதில் சாயவோ கூடாது. நெடுநேரம் பேசுவதென்றால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து பேசு.

மற்றப் பிள்ளைகளோடு முதல் நாள் காலையிலேயே பேசிவிடுகிறோம். சிலர் நடப்பார்கள், சிலர் சக்கரத்தில் போவார்கள், சிலர் கையால் பேசுவார்கள், சிலருக்குச் சத்தம் வலிக்கும் என்று மட்டும் சொல்வோம், யாரையும் சுட்டிக்காட்ட மாட்டோம். கேள்வி கேட்டால் "உஷ்" என்று அடக்குவதில்லை. பிள்ளை கேட்பது அறிவதற்காக. அடக்கினால் அது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று இரண்டு பேருமே படித்துக்கொள்வார்கள். "பாவம்" என்ற சொல்லை மட்டும் தொண்டர்கள் வாயிலிருந்து எடுத்துவிடச் சொன்னோம். எங்கள் வீடுகளில் அன்பாகத்தான் அந்தச் சொல் வருகிறது, எனக்குத் தெரியும். கேட்கிற பிள்ளைக்கு அது அன்பாகப் போய்ச் சேர்வதில்லை.

மண்டபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசலில் ஒரே ஒரு படி. 18 சென்ரிமீற்றர் உயரம், யாரும் கவனிப்பதேயில்லை. தொண்டர் ஒருவர் வீட்டிலிருந்து ஒரு மீற்றர் பலகையைக் கொண்டுவந்து சாய்த்து வைத்தார். அதில் கரம் தங்கச்சியின் நாற்காலியை ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது, இறக்கும்போது அவள் முன்னால் விழப் பார்த்தாள். சாய்தளத்துக்குக் கணக்கு இருக்கிறது, ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 18 சென்ரிமீற்றருக்கு 216 சென்ரிமீற்றர். அன்று மாலையே தச்சுவேலை செய்பவர் ஒருவரைப் பிடித்து அந்த அளவில் ஒட்டுப்பலகையில் செய்து, மேலே சொரசொரப்பான பாய் ஒட்டினோம். அதற்குப் பிறகு அவள் தானே ஏறி வந்தாள்.

மண்டபப் பொறுப்பாளர் முதலில் தயங்கினார், ஒரு பிள்ளைக்காக இவ்வளவா என்று. அவரோடு சண்டை போடவில்லை, விபரத்தைச் சொன்னோம். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காகவே உள்ளது. அதன்கீழ் 2006இல் பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதி செய்வது பற்றிய ஒழுங்குவிதிகள் வந்தன. 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 30ஆம் உறுப்புரையில் விளையாட்டும் பொழுதுபோக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளோடு சமமாகக் கிடைக்க வேண்டும் என்று எழுதியே இருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் தாய்மார் சிலரும் முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டியும் அதே சாய்தளத்தால் ஏறி வருவதை அவரே பார்த்தார். இப்போது அந்தச் சாய்தளம் மண்டபத்திலேயே இருக்கிறது.

படிக்கட்டுக்குக் கீழே இருந்த இடத்தைச் சுத்தம் செய்து அமைதி மூலையாக்கினோம். பாய், இரண்டு தலையணை, கனமான போர்வை, காதை மூடும் கருவி ஒன்று, முன்னால் ஒரு பழைய சேலை திரையாக. யாரும் போகலாம், தண்டனையாக யாரையும் அனுப்பக் கூடாது. தண்டனைக்கு ஒரு தடவை பாவித்தாலே அந்த இடம் கெட்டுவிடும்.

சித்திரை மாதம் கொழும்பில் பின்னேரங்களில் இடி மின்னல் வழக்கம். அதனால்தான் 12.30க்கே முடிக்கிறோம். நாலாம் நாள் வானம் பதினொன்றரைக்கே கறுத்துவிட்டது. ரயில் தம்பியிடம் போய் "இடி வரப்போகுது" என்று சொல்லி, தோளில் உள்ளங்கையை அழுத்தி வைத்தேன். மூலைக்குப் போய்ப் போர்வைக்குள் இருந்தான். முதல் மின்னல் தெரிந்ததும் பெரிய பிள்ளை ஒருவன், அவனுக்கு 13 வயது, திரைக்கு வெளியே உட்கார்ந்து சத்தமாக எண்ணத் தொடங்கினான். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று செக்கன் என்றால் இடி ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில். ஆறு எண்ணியபோது இடித்தது. "ரெண்டு கிலோமீற்றர்!" என்றான். அடுத்த மின்னலுக்கு ஒன்பது. "மூணு! தள்ளிப் போகுது!" போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "தெஹிவளை." அதற்கடுத்த மின்னலுக்கு அவனும் சேர்ந்து எண்ணினான். இடிக்கு ஊர் தேடிக்கொண்டு இருவரும் கல்கிசை வரை போனார்கள். நாங்கள் யாரும் இதைத் திட்டமிடவில்லை. நான் அங்கேயே ஒட்டிக்கொண்டு இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

மீன் தம்பிக்கு வலிப்பு வந்தது மூன்றாம் நாள், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பு. அவனுடைய உம்மா முன்பே சொல்லியிருந்தார்: ஒன்று இரண்டு நிமிடம் இருக்கும், பிறகு நித்திரை கொள்வான். ஆகவே எங்களுக்கு வேலை தெரிந்திருந்தது. ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். தலைக்குக் கீழே மடித்த துவாய், பக்கத்திலிருந்த கதிரைகளைத் தள்ளினோம், சட்டைக் கொலரைத் தளர்த்தி மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பினோம். கை கால்களை அமுக்கிப் பிடிக்கவில்லை. காவலாளி ஐயா நல்ல மனதோடு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார், கையில் இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று. "வேண்டாம் ஐயா, தானா நிக்கும்" என்று சொல்லி அவரை வாசலில் உம்மாவுக்காக நிற்கச் சொன்னேன். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. வாய்க்குள் கரண்டியோ விரலோ வைப்பது இன்னும் ஆபத்து, பல் உடையும், மூச்சு அடைக்கும். முழுதாக நினைவு திரும்பும்வரை தண்ணீரும் கொடுக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து தெளிவதற்குள் இன்னொன்று வந்தாலோ, முதல் தடவையாக வந்திருந்தாலோ, காயம் பட்டாலோ 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை அது. அன்று இரண்டு நிமிடம் பத்துச் செக்கனில் நின்றது.

அவனுடைய காற்சட்டை நனைந்திருந்தது. அதற்காகவே ஒவ்வொரு பிள்ளையிடமும் மாற்றுடுப்பு வாங்கி வைத்திருந்தோம். போர்வையால் மூடி, மற்றவர்கள் பார்க்காமல் மாற்றினோம். இன்னொரு தொண்டர் அந்த நேரம் மற்றப் பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிப்போய், மூளையில் மின்சாரம் கொஞ்ச நேரம் குழம்பிவிடும், பிறகு சரியாகும், தொட்டால் தொற்றாது என்று சொன்னார். பேய், கண்ணூறு என்று ஒரு பிள்ளை சொன்னதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். மீன் தம்பி முக்கால் மணி நேரம் நித்திரை கொண்டு எழும்பியபோது, அவன் பாதி வரைந்த மீனுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு இறாலை வரைந்து வைத்திருந்தார்கள்.

மருந்து விஷயத்தில் ஒருவர் மட்டும் பொறுப்பு. மருந்து வந்த பெட்டியிலேயே, தாயார் கைப்பட எழுதிய நேரத்தோடும் அளவோடும். கொடுத்ததும் எழுதி வைக்க வேண்டும். விழுங்கக் கஷ்டப்படும் பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், தலையைப் பின்னால் சாய்க்கவே கூடாது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்து எலும்பு மூட்டு தளர்வாக இருக்கும், ஆகவே வைத்தியரைக் கேட்காமல் குட்டிக்கரணம் போட விடக் கூடாது. டவுன் சின்ட்ரோமோடு வந்த, ஆட்டம் பிடித்த எங்கள் ஆடல் தங்கச்சிக்கு அதை மட்டும் தவிர்த்தோம், மற்ற எல்லா ஆட்டத்திலும் முன்வரிசையில் நின்றாள்.

கழிப்பறை உதவி பற்றிப் பலர் பேசத் தயங்குகிறார்கள். பேசத்தான் வேண்டும். யார் உதவுவது என்று பெற்றோரும் பிள்ளையும் சம்மதித்து எழுதித் தர வேண்டும். பெண் பிள்ளைக்குப் பெண். இன்னொரு வளர்ந்தவர் குரல் கேட்கும் தூரத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் "உதவட்டுமா" என்று கேட்க வேண்டும், பிள்ளை தானே செய்யக்கூடியதை விட்டுவிட வேண்டும். உடம்பைத் தொட விட்டே பழகிய பிள்ளைகள் இவர்கள், "வேண்டாம்" என்று சொல்லவும் இவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். யாராவது பிள்ளைக்குத் தீங்கு செய்வதாகச் சந்தேகம் வந்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைத் தொண்டர்கள் எல்லோரும் போனில் வைத்திருக்கிறோம்.

உடன்பிறப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடல் தங்கச்சியோடு அவளுடைய அண்ணாவும் வந்தான், 11 வயது. எதற்கெடுத்தாலும் நாங்கள் அவனையே கூப்பிட்டோம், "தம்பி, தங்கச்சி என்ன சொல்றா?" என்று. மூன்றாம் நாள் அவன் கிரிக்கெட் விளையாடாமல் தங்கச்சியின் செருப்பைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பதைக் கண்டேன். வீட்டில் அவன் செய்யும் வேலையை முகாமிலும் அவன் தலையில் போட்டுவிட்டோம். செருப்பை வாங்கிக்கொண்டு அவனை விளையாட அனுப்பினேன். போக முதல் மூன்று தடவை திரும்பிப் பார்த்தான்.

எல்லாப் பிள்ளைகளையும் எங்களால் எடுக்க முடியவில்லை. குழாய் வழியாக உணவு எடுக்கும் ஒரு பிள்ளையின் தாய் கேட்டார். எங்களிடம் தாதி இல்லை. முகாம் தொடங்கிய பிறகு திருப்பி அனுப்புவதை விட முன்கூட்டியே உண்மையைச் சொல்வது நல்லது என்று சொன்னோம். தினமும் ஒரு மணி நேரம், தாயும் கூட இருக்க, சித்திர நேரத்துக்கு வரும்படி கேட்டோம். மூன்று நாள் வந்தார்கள். அது போதாது என்பது எனக்குத் தெரியும்.

கடைசி நாள் கல்கிசை நிலையத்துக்கு அட்டை ரயிலைத் தள்ளும் முறை ரயில் தம்பிக்கு வந்தது. தள்ளினான். பிள்ளைகள் எல்லோரும் கையை உயர்த்தி விரல்களை அசைத்தார்கள். அவன் காதைப் பொத்தவில்லை. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ரயிலைத் திரும்பவும் கோட்டையில் கொண்டுபோய் வைத்தான். அவன் அம்மா வாசலில் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த வருடத்துக்கான வேலை தொடங்கிவிட்டோம். மண்டபத்தின் கழிப்பறைக் கதவு 68 சென்ரிமீற்றர், கரம் தங்கச்சியின் நாற்காலி 64. போன வருடம் ஐந்து நாளும் அவளுடைய கை முட்டி கதவு நிலையில் உரசியது, அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. முகாம் முடிந்த பிறகுதான் அவள் அம்மா சொன்னார். நிலையைக் கழற்றி 90 சென்ரிமீற்றருக்கு அகலமாக்கி, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி, உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போட மண்டபப் பொறுப்பாளர் சம்மதித்திருக்கிறார். தச்சுவேலை செய்பவர் சனிக்கிழமை வருகிறார். கம்பி எந்த உயரத்தில் வர வேண்டும் என்று தானே வந்து பிடித்துப் பார்த்துச் சொல்வதாகக் கரம் தங்கச்சி சொல்லியிருக்கிறாள்.